தசைப் பட்டியலை மூடிவிட்டு மூட்டிலிருந்து தொடங்குங்கள்

வாசகர் கடிதம்:

"வணக்கம். எனக்கு 24 வயது, வணிகவியல் படித்தவன். சில வருடங்களாக உடற்பயிற்சி செய்கிறேன். இப்போது ஒரு ஜிம்மில் உதவியாளராக இருந்துகொண்டே பர்சனல் டிரெய்னர் சான்றிதழ் தேர்வுக்குப் படிக்கிறேன். உடற்கூறியலில் தசையின் பெயர், தொடங்கும் இடம், சேரும் இடம், செய்யும் வேலை என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்கிறேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பாதி மறந்துவிட்டது. உடலியங்கியல் பாடத்தில் கால்சியம், ட்ரோபோனின் என்றெல்லாம் வருகிறது, அது ஜிம்மில் எதற்கு உதவும் என்று தெரியவில்லை. ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழும் பயிற்சி) செய்யும்போது முழங்கால் கால்விரலைத் தாண்டவே கூடாது என்று இங்கே சொல்கிறார்கள், என் பாடப் புத்தகம் அப்படிச் சொல்லவில்லை. 'உன் உடம்பைப் பார்த்துத்தான் ஆள் வரும், படிப்பைப் பார்த்து இல்லை' என்கிறார் சீனியர் ஒருவர். நான் எவ்வளவு ஆழமாகப் படிக்க வேண்டும்? தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கிறது."

பதில் (பயிற்சியாளர்களுக்கு உடற்கூறியல் வகுப்பு எடுக்கும் பிசியோதெரபிஸ்ட்):

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் அந்த அட்டவணையை மூடி வையுங்கள். உங்கள் நினைவாற்றலில் குறையில்லை. அட்டவணையாகப் படித்தால் யாருக்கும் மறக்கத்தான் செய்யும். வளர்ந்த மனித உடலில் எலும்புகள் 206, எலும்புகளை அசைக்கும் தசைகள் 600-க்கு மேல். மருத்துவம் படிப்பவர்கள்கூட இவ்வளவையும் பெயர்ப் பட்டியலாகத் தலையில் வைத்திருப்பதில்லை. ஒரு பயிற்சியாளருக்கு நாற்பது ஐம்பது தசைகள் நன்றாகத் தெரிந்தால் போதும் என்பது என் கருத்து. ஆனால் அந்த நாற்பதும் கண்ணை மூடினால் தெரிய வேண்டும்.

தசையிலிருந்து தொடங்காமல் மூட்டிலிருந்து தொடங்குங்கள். கணுக்கால், முழங்கால், இடுப்பு, முதுகெலும்பு, தோள்பட்டை எலும்பு, தோள் மூட்டு, முழங்கை, மணிக்கட்டு. ஒவ்வொன்றும் எந்தெந்தப் பக்கம் அசையும் என்று உங்கள் உடம்பிலேயே அசைத்துப் பாருங்கள். அப்புறம் ஒவ்வொரு தசையிடமும் இரண்டே கேள்வி: எந்த மூட்டைத் தாண்டிப் போகிறது? அந்த மூட்டின் எந்தப் பக்கமாகத் தாண்டுகிறது? தசை என்பது கயிறு மாதிரி. இழுக்கத் தெரியும், தள்ளத் தெரியாது. முழங்கையின் முன்பக்கமாகத் தாண்டும் தசை சுருங்கினால் கை மடங்கும், பின்பக்கமாகத் தாண்டும் தசை சுருங்கினால் கை நீளும். ஆக, தொடங்கும் இடமும் சேரும் இடமும் தெரிந்துவிட்டால், 'செய்யும் வேலை' என்ற அந்த நான்காவது பத்தியை நீங்கள் மனப்பாடம் செய்யவே வேண்டாம். அது தானாக வந்துவிடும்.

இப்போதே ஒன்று செய்து பாருங்கள். வலது முழங்கையை 90 டிகிரி மடக்கி, உள்ளங்கை தரையைப் பார்க்கும்படி வையுங்கள். இடது கை விரல்களை வலது மேல்கையின் முன்பக்கத் தசையான பைசெப்ஸ் மேல் வையுங்கள். முழங்கையை அசைக்காமல் உள்ளங்கையை மட்டும் மேல்நோக்கி அழுத்தமாகத் திருப்புங்கள். விரலுக்கடியில் பைசெப்ஸ் திரண்டு எழுவது தெரியும். முழங்கை மடங்கவே இல்லை, ஆனாலும் பைசெப்ஸ் வேலை செய்தது. ஏன்? அது வந்து சேர்வது முன்கையின் இரண்டு எலும்புகளில் கட்டைவிரல் பக்கம் இருக்கும் எலும்பில். அந்த எலும்புதான் உள்ளங்கையோடு சேர்ந்து சுழல்கிறது. பைசெப்ஸுக்கு அடியில் பிரேக்கியாலிஸ் என்ற தசை இருக்கிறது. அது சேர்வது சுண்டுவிரல் பக்க எலும்பில். அந்த எலும்பு சுழலாது. அதனால் உள்ளங்கை எப்படித் திரும்பியிருந்தாலும் பிரேக்கியாலிஸ் ஒரே மாதிரி மடக்கும். உள்ளங்கையைக் கீழே பார்க்கவைத்துக் கர்ல் (எடையைப் பிடித்து முழங்கையை மடக்கும் பயிற்சி) செய்தால் பைசெப்ஸின் பங்கு குறைந்து மற்றவற்றின் பங்கு ஏன் கூடுகிறது என்பதற்கு இதுதான் காரணம். இப்படித் தொட்டுப் படித்ததை மறப்பது கஷ்டம்.

இரண்டு மூட்டுகளைத் தாண்டும் தசைகளுக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். தேர்விலும் அதிகம் கேட்பார்கள், பயிற்சித் திட்டம் போடும்போதும் அதிகம் உதவும். கெண்டைக்காலில் மேலே தெரியும் காஸ்ட்ரோக்னீமியஸ் முழங்காலுக்கு மேலே, தொடை எலும்பிலிருந்து தொடங்குகிறது. அதற்கு அடியிலுள்ள சோலியஸ் முழங்காலுக்குக் கீழே தொடங்குகிறது. இரண்டும் சேர்ந்து அக்கிலீஸ் தசைநாணாகிக் குதிகாலில் முடிகின்றன. உட்கார்ந்து, முழங்காலை மடக்கிக்கொண்டு குதிகாலைத் தூக்கினால் காஸ்ட்ரோக்னீமியஸ் ஏற்கெனவே தளர்ந்து கிடக்கும், அதனால் பலமாக இழுக்க முடியாது. வேலை பெரும்பாலும் சோலியஸ் மேல் விழும். நின்றுகொண்டு செய்தால் இரண்டும் வேலை செய்யும். ஜிம்மில் காஃப் ரெய்ஸ் என்ற இந்தக் குதிகால் தூக்கும் பயிற்சிக்கு உட்கார ஒரு மெஷின், நிற்க ஒரு மெஷின் என்று இரண்டு இருப்பது இதனால்தான்.

தொடையின் பின்பக்கத் தசையான ஹாம்ஸ்ட்ரிங்கும் இப்படித்தான். அது இடுப்பையும் தாண்டுகிறது, முழங்காலையும் தாண்டுகிறது. உட்கார்ந்து லெக் கர்ல் (எடையை எதிர்த்து முழங்காலை மடக்கும் பயிற்சி) செய்யும்போது இடுப்பு மடங்கியிருப்பதால் தசை மேல்பக்கம் நீண்டு நிற்கிறது, குப்புறப் படுத்துச் செய்யும்போது அந்த நீட்சி இல்லை. 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், பங்கேற்ற ஒவ்வொருவரும் ஒரு காலுக்கு உட்கார்ந்தும் மற்றக் காலுக்குப் படுத்தும் 12 வாரம் இந்தப் பயிற்சியைச் செய்தார்கள். உட்கார்ந்து செய்த காலில் ஹாம்ஸ்ட்ரிங் கூடுதலாக வளர்ந்தது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறு ஒன்று. ஹாம்ஸ்ட்ரிங்கில் பைசெப்ஸ் ஃபெமோரிஸின் குட்டைத் தலை என்ற பகுதி மட்டும் இடுப்பைத் தாண்டுவதில்லை, தொடை எலும்பிலிருந்தே தொடங்குகிறது. அந்தப் பகுதியில் இரண்டு காலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தசை எங்கே தொடங்குகிறது என்ற ஒரு விவரம், எந்த மெஷினில் உட்கார வைக்கலாம் என்பதுவரை வந்து நிற்கிறது பாருங்கள். உடற்கூறியலை இந்தக் கண்ணோடு படித்தால் அது சலிக்காது.

அடுத்தது, புதிதாகப் படிப்பவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம். டம்பெல்லை மேலே தூக்கியாயிற்று, இப்போது மெதுவாகக் கீழே இறக்குகிறீர்கள். முழங்கை நீளுகிறது. எந்தத் தசை வேலை செய்கிறது? கை நீளுகிறது, ஆகவே மேல்கையின் பின்பக்கமுள்ள ட்ரைசெப்ஸ் என்று எழுதிவிடுவார்கள். தவறு. கையை நீட்டுவது புவியீர்ப்பு. அது வேகமாக விழாமல் தடுத்துப் பிடித்துக்கொண்டே நீளுவது பைசெப்ஸ். இதைத்தான் எக்சென்ட்ரிக் என்கிறோம். ஆகவே அசைவின் திசையைப் பார்த்து விடை எழுதாதீர்கள். வெளியிலிருந்து வரும் விசை மூட்டை எந்தப் பக்கம் இழுக்கிறது, அதை எதிர்த்து நிற்பது யார் என்று கேளுங்கள். கேபிள் மெஷினில் விசையின் திசை கீழ்நோக்கி இருக்க வேண்டியதில்லை, கேபிள் எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் இழுக்கும். எடையைத் தூக்கும்போது உண்டாக்கும் விசையைவிட, இறக்கும்போது ஒரு தசை அதிக விசையைத் தாங்கும். பழக்கமில்லாதவருக்கு மறுநாள் வலி வருவதும் பெரும்பாலும் இந்த இறக்கும் பகுதியால்தான்.

அந்த வலியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் எல்லா ஜிம்மிலும் இதைத் தவறாகச் சொல்கிறார்கள். லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது என்பார்கள். பயிற்சியின்போது கூடும் லாக்டேட் சுமார் ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. வலி உச்சத்துக்கு வருவதோ 24 முதல் 72 மணி நேரத்தில். பழக்கமில்லாத வேலையால் தசை நார்களிலும் அவற்றைச் சுற்றியுள்ள திசுவிலும் ஏற்படும் நுண்ணிய சேதமும், அதையொட்டி உடல் செய்யும் சீரமைப்பும்தான் அந்த வலியோடு தொடர்புடையவை. அதே பயிற்சியைச் சில நாள் கழித்து மறுபடி செய்தால் வலி வெகுவாகக் குறைந்திருக்கும். வலி வந்தால்தான் பலன் என்று வாடிக்கையாளரிடம் சொல்லாதீர்கள். முதல் நாளிலேயே நடக்க முடியாமல் வீட்டுக்குப் போனவர் இரண்டாம் நாள் வரமாட்டார்.

இப்போது உங்கள் முழங்கால் கேள்விக்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு கணக்கு. பைசெப்ஸின் தசைநாண் முழங்கை மூட்டிலிருந்து சுமார் 5 செ.மீ. தள்ளிச் சேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கையிலிருக்கும் டம்பெல் மூட்டிலிருந்து சுமார் 35 செ.மீ. தள்ளி இருக்கிறது. டம்பெல் 10 கிலோ. முன்கை தரைக்கு இணையாக இருக்கும்போது அதை அசையாமல் பிடித்து நிற்க, மடக்கும் தசைகள் 35-ஐ 5-ஆல் வகுத்து வரும் ஏழு மடங்கு, அதாவது 70 கிலோ எடைக்குச் சமமான விசையில் இழுக்க வேண்டும். முன்கையின் எடையை இதில் நான் சேர்க்கவே இல்லை. கையில் இருப்பது எவ்வளவு கிலோ என்பது பாதிக் கதைதான், அது மூட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது மீதிக் கதை. கையைப் பக்கவாட்டில் தூக்கும் லேட்டரல் ரெய்ஸில் முழங்கையைக் கொஞ்சம் மடக்கினால் அதே டம்பெல் இலேசாகத் தெரிவதும் இந்தத் தூரம் குறைவதால்தான்.

இதையே ஸ்குவாட்டில் வைத்துப் பாருங்கள். பார்பெல்லும் உடம்பும் சேர்ந்த மொத்த எடையின் மையம், பாதத்தின் நடுப்பகுதிக்கு நேர் மேலே இருந்தால்தான் விழாமல் நிற்க முடியும். அந்த நேர்க்கோட்டிலிருந்து முழங்கால் எவ்வளவு முன்னே போகிறதோ, அவ்வளவு வேலை தொடையின் முன்பக்கத் தசையான க்வாட்ரிசெப்ஸுக்கு. இடுப்பு எவ்வளவு பின்னே போகிறதோ, அவ்வளவு வேலை இடுப்புத் தசைகளுக்கும் முதுகுக்கும். முழங்காலை முன்னே போகவிடாமல் தடுத்தால் சுமை காணாமல் போவதில்லை. உடம்பு முன்னால் சாயும், சுமை இடுப்புக்கும் கீழ் முதுகுக்கும் மாறும். தொடை எலும்பு நீளமாக உள்ளவர் ஆழமாக உட்கார்ந்தால் முழங்கால் விரலைத் தாண்டத்தான் செய்யும், அது அவருடைய எலும்பின் அளவு. மாடி இறங்கும்போதும் முழங்கால் விரலைத் தாண்டுகிறது.

ஆகவே புத்தகம் சொல்வது சரி. ஆனால் ஜிம்மில் சொல்வதிலும் கவனிக்க ஒன்று உண்டு. முழங்காலின் முன்பக்கம் ஏற்கெனவே வலி உள்ளவருக்குத் தற்காலிகமாக ஆழத்தைக் குறைப்பதும், முழங்கால் முன்னே போவதைக் குறைப்பதும் நல்ல வழிதான். அது அந்த ஆளுக்கு, அந்தக் காலத்துக்கு மட்டுமான மாற்றம். எல்லாருக்குமான விதியாக்கியதுதான் பிசகு. நான் பார்க்கச் சொல்வது இதை: குதிகால் தரையைவிட்டு எழும்புகிறதா, முழங்கால் உள்பக்கம் சரிகிறதா, எடையைப் படிப்படியாகக் கூட்டினீர்களா? சீனியரிடம் சண்டை போட வேண்டாம். அவர் முன்னால் ஒருவரைப் பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுத்து, முழங்காலைத் தடுத்தும் தடுக்காமலும் இரண்டு முறை உட்கார வைத்துக் காட்டுங்கள்.

தோள்பட்டைக்கு மற்ற மூட்டுகளைவிட இரு மடங்கு நேரம் ஒதுக்குங்கள். கையைத் தலைக்கு மேல் 180 டிகிரி தூக்கும்போது தோராயமாக 120 டிகிரி தோள் மூட்டில் நடக்கிறது, மீதி 60 டிகிரி தோள்பட்டை எலும்பு விலாக்கூட்டின்மேல் சறுக்கிச் சுழல்வதால் வருகிறது. அந்தச் சுழற்சியைச் செய்பவை விலாப் பக்கத் தசையான செரேட்டஸ் ஆன்டீரியரும், கழுத்திலிருந்து முதுகு வரை விரியும் ட்ரப்பீசியஸின் மேல், கீழ்ப் பகுதிகளும். ஒரு நண்பரைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லி, அவருடைய தோள்பட்டை எலும்பின் கீழ் முனையில் உங்கள் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, கையை மெதுவாகத் தூக்கச் சொல்லுங்கள். அந்த முனை வெளிப்பக்கமாக, அக்குளை நோக்கி நகர்வதை விரலில் உணரலாம். இதை ஒருமுறை உணர்ந்தவர், ஓவர்ஹெட் பிரஸ் செய்பவரிடம் 'தோள்பட்டையைப் பின்னால் இழுத்துக் கீழே பூட்டு' என்று சொல்ல யோசிப்பார். மல்லாந்து படுத்து எடையைத் தள்ளும் பெஞ்ச் பிரஸுக்குப் பொருந்தும் அறிவுரை அது. கை தலைக்கு மேல் போகும்போது அந்த எலும்பு சுழல்வதற்கு இடம் கொடுக்க வேண்டும்.

சரி, ட்ரோபோனின். நரம்பிலிருந்து சேதி வந்ததும் தசை நாருக்குள் கால்சியம் வெளியாகிறது, அது ட்ரோபோனின் என்ற புரதத்தோடு சேர்கிறது, ஆக்டின் என்ற இழையில் மூடிக் கிடந்த இடங்கள் திறக்கின்றன, மயோசின் என்ற மற்றொரு இழையின் தலைகள் அங்கே பிடித்து இழுக்கின்றன, பிடியை விடுவிக்க செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி தேவைப்படுகிறது. 1954-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக ஒரே இதழில் வெளியிட்ட கருத்திலிருந்து வளர்ந்தது இந்த விளக்கம்: இழைகள் குட்டையாவதில்லை, ஒன்றின்மேல் ஒன்று சறுக்குகின்றன. ஜிம்மில் இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை, உண்மைதான். ஆனால் தளர்ந்து கிடக்கும் காஸ்ட்ரோக்னீமியஸால் ஏன் பலமாக இழுக்க முடியாது என்று மேலே சொன்னேன் அல்லவா? இழைகள் ஏற்கெனவே அளவுக்கு மீறி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பதும், மேற்கொண்டு சறுக்க இடம் குறைவதும்தான் அதற்குக் காரணம். ட்ரோபோனின் பாடம் காஃப் மெஷினுக்கு வந்துவிட்டது.

உடலியங்கியலில் தினமும் கைகொடுக்கும் மூன்று விஷயங்கள் உண்டு. ஒன்று, நரம்பு மண்டலம் தசை நார்களைச் சிறிய குழுவிலிருந்து பெரிய குழுவாக வரிசையில் எழுப்புகிறது. பெரிய குழுக்கள் எழ வேண்டுமென்றால் எடை அதிகமாக இருக்க வேண்டும், அல்லது குறைந்த எடையிலேயே சோர்வு வரும்வரை செய்ய வேண்டும். ஒரு பயிற்சியை 15 ரெப் (முறை) செய்யக்கூடியவர் எட்டில் நிறுத்தினால் அந்த வரிசையின் கடைசி ஆட்கள் பெரும்பாலும் எழுந்திருக்கவே மாட்டார்கள். இரண்டு, ஓய்வு நேரம். சில விநாடிகளே நீடிக்கும் முழுப் பலத்துக்குக் கிரியேட்டின் பாஸ்பேட்தான் முக்கிய எரிபொருள். அது பெருமளவு திரும்ப நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். கனமான எடையைத் தரையிலிருந்து தூக்கும் டெட்லிஃப்ட் செட்டுகளுக்கு நடுவே ஒரு நிமிடம் மட்டும் ஓய்வு கொடுத்தால் அடுத்த செட்டில் ரெப் குறையும், அதற்காக வாடிக்கையாளரைத் திட்டக் கூடாது. மூன்று, முதல் சில வாரங்களில் கூடும் பலத்தில் பெரும்பகுதி நரம்பு மண்டலம் கற்றுக்கொள்வதால் வருகிறது, தசை பருமனாவது பின்னால்தான் கண்ணுக்குத் தெரியும். 'ஒரு மாசமாச்சு, கை பெரிசாகலையே' என்று கேட்பவருக்கு அவர் தூக்கும் எடையின் குறிப்பேட்டைத் திறந்து காட்டுங்கள்.

இதயத் துடிப்புக் கணக்கில் ஓர் எச்சரிக்கை. 220-இலிருந்து வயதைக் கழித்தால் வரும் எண் சராசரிதான். தனி ஒருவருக்கு அது பத்துப் பன்னிரண்டு துடிப்பு கூடவோ குறையவோ இருப்பது சாதாரணம். முக்கியமாக, இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ, துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களின் துடிப்பு பெரும்பாலும் அந்த எண்ணுக்கு ஏறாது. அந்த எண்ணை எட்டவைக்க அவரை விரட்டினால் ஆபத்து. அவரிடம் பேச்சுக் கொடுங்கள். முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் மிதமான உழைப்பு, இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் வரவில்லையென்றால் கடுமையான உழைப்பு. எந்த மாத்திரை எடுக்கிறார் என்பது தெரிய வேண்டுமானால், பயிற்சி தொடங்கும் முன் உடல்நலக் கேள்வித்தாளை நிரப்ப வைத்து, அதை உட்கார்ந்து படிக்க வேண்டும். கையெழுத்து வாங்கி அலமாரியில் போடுவதற்கான காகிதம் இல்லை அது.

படிக்கப் படிக்க ஒரு ஆசை வரும். தோள் வலி என்று ஒருவர் சொன்னதும் 'இது ரொட்டேட்டர் கஃப் கிழிசல்' என்று பெயர் சூட்டத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். நோயைக் கண்டறிவது உங்கள் வேலை இல்லை. வலிக்காத அசைவுகளைத் தேர்ந்து பயிற்சி கொடுக்கலாம். வலி குறையவில்லையென்றால் மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ அனுப்பலாம். நெஞ்சில் அழுத்தம், மயக்கம், உழைப்புக்குப் பொருந்தாத மூச்சுத்திணறல் வந்தால் பயிற்சியை அந்த நொடியே நிறுத்தி அவசர உதவியை அழையுங்கள். கை கால் திடீரென்று மரத்துப்போய் பலம் இழந்தாலும் அப்படியே. முதலுதவியும் சிபிஆரும் பல சான்றிதழ்களுக்குக் கட்டாயம். உங்களுடையதில் கேட்காவிட்டாலும் கற்றுக்கொள்ளுங்கள்.

சீனியர் சொன்னது பாதி உண்மை. உடம்பைப் பார்த்து முதல் மாதம் ஆள் வரும். முட்டி வலியோடு வரும் ஐம்பது வயதுக்காரரும், பிரசவத்துக்குப் பிறகு வரும் பெண்ணும் ஆறாம் மாதமும் உங்களிடம் இருப்பார்களா என்பதை உங்கள் கைகளின் சுற்றளவு முடிவு செய்யாது. ஆனால் அவர்களிடம் பாடப் புத்தகச் சொற்களைக் கொட்டாதீர்கள். 'க்ளூட்டியஸ் மேக்சிமஸைச் சுருக்குங்கள்' என்பதைவிட 'தரையைக் காலால் தள்ளி எழுந்திருங்கள்' என்றால் அசைவு உடனே திருந்தும்.

மூன்று மாதத்தை இப்படிப் பிரியுங்கள். முதல் ஆறு வாரம் மூட்டுகள். வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு, தோளுக்கு மட்டும் முழுதாக ஒன்றரை வாரம். ஒவ்வொரு மூட்டையும் படிக்கும்போது எலும்பு மேடுகளைத் தொட்டுக் கண்டுபிடியுங்கள், தசையை ஒரு தாளில் நீங்களே வரையுங்கள். படம் அழகாக இருக்க வேண்டாம், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது சரியாக இருந்தால் போதும். அடுத்த மூன்று வாரம் உடலியங்கியல். கூடவே, ஜிம்மில் தினமும் ஒரே ஒரு பயிற்சியை எடுத்து, எந்த மூட்டு அசைகிறது, வெளி விசை எந்தப் பக்கம், யார் எதிர்க்கிறார், சுமை மூட்டிலிருந்து எந்த நிலையில் மிகத் தூரமாகிறது என்று நான்கு வரி எழுதுங்கள். கடைசி மூன்று வாரத்துக்கு உடல்நலக் கேள்வித்தாள், அளவீடுகள், மாதிரித் தேர்வுகள். மாதிரித் தேர்வில் தவறிய கேள்வி தசையைப் பற்றியது என்றால், விடையைப் பார்ப்பதற்கு முன் எழுந்து நின்று அந்த அசைவைச் செய்து பாருங்கள்.